ஓநாய்களை ஆய்ந்த அடால்ஃப் மியூரி

ஊனுண்டு வாழும் விலங்கும் நம்மைப்போல் வினைவயத்தால் பிறவியெடுத்த உயிரே என்பது நம் ஆன்றோர் கொள்கை. வர்த்தமான மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாயிருந்து, சாரண முனிவர் இருவர் உரைத்த அறங்கேட்டுத் தெளிவுற்ற வரலாறு நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்ததே. கொடியதெனப் பழிசுமந்த மற்றொரு விலங்கின் மெய்ந்நிலையை, சமயச் சார்பின்றி, ஆய்வுநெறி ஒன்றையே துணையாகக் கொண்டு ஆராய்ந்த அறிஞர் ஒருவரை ஈண்டு அறிமுகம் செய்கின்றோம். அவர் அமெரிக்கரான அடால்ஃப் மியூரி.

1899ஆம் ஆண்டு மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தார். தமையனார் ஓலாஸ் மியூரியும் புகழ்பெற்ற விலங்கியல் அறிஞரே. காரிபு எனும் பனிமான்களை ஆய்ந்து வந்த அவருக்கு உதவியாக 1922இல் அலாஸ்கா சென்றபோதுதான் மியூரிக்கு அப்பனிநிலத்தின் தொடர்பு ஏற்பட்டது. பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1934இல் தேசியப் பூங்காப் பணியில் அமர்ந்தார். எல்லோஸ்டோன் பூங்காவில் கயோட்டி என்னும் ஓநாயின விலங்கை ஆய்ந்து, பிற விலங்குகள் குறைவதற்கு அது முதற்காரணமன்று என்று அறிக்கை அளித்தார். வேறு விடையை எதிர்பார்த்திருந்த மேலோர் சிலருக்கு அது கசந்தது.

அலாஸ்காவில் அப்போது மெக்கின்லி மலைத் தேசியப் பூங்கா என வழங்கிய பெருவெளி, 1917இல் அமைக்கப்பட்டது. டால் ஆடுகள் எனப்படும் வெண்ணிற மலையாடுகளைக் காப்பதே அதன் தலையாய நோக்கம். அவ்வாடுகள் பெருமளவு குறைந்தன. ஓநாய்களே காரணம், அவற்றைக் கொன்றொழிக்க வேண்டும் என்று வேட்டை விரும்பிகள் குரலெழுப்பினர். உண்மை காணும் பொறுப்பு 1939இல் மியூரியிடம் வந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர் கால்நடையாகவே ஏறத்தாழ 1,700 மைல் சுற்றினார். மலைச்சரிவுகளில் இறந்துகிடந்த ஆடுகளின் மண்டையோடுகளைத் தேடித் திரட்டினார். ஆய்வு முடிவில் அவை 829 ஆயின. ஆட்டின் கொம்பில் ஆண்டுக்கொரு வளையம் படிவதால், அதனை எண்ணி வயதை அறியலாம். பல்லும் தாடையெலும்பும் நோயைக் காட்டும். ஓநாயின் எச்சங்களையும் ஆயிரத்துக்கு மேல் சேகரித்துப் பிரித்து, அது எதைத் தின்றது என்று குறித்தார். அருவருப்பான வேலைதான், ஆயினும் ஊகத்துக்கு இடமளிக்காத வேலை.

1940இல் டோக்லாட் ஆற்றின் கிழக்குக் கிளையருகே ஓநாய்க் குகையொன்றைக் கண்டு, எதிர்மேட்டில் அமர்ந்து நாள்தோறும் கவனித்தார். சிலபோது இரவு முழுதும் விழித்திருந்தார். பெற்றோரல்லாத ஓநாய்களும் குட்டிகளைப் பேணுவதையும், மற்றவை வேட்டைக்குச் செல்ல ஒன்று குகையருகே காவலிருப்பதையும் பதிவு செய்தார். அவற்றிடையே நிலவிய நேசமே அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. ஓநாயின் இயல்பை அருகிருந்து அறிய, கண்திறவாத குட்டியொன்றை எடுத்துவந்து தம் குடும்பத்தோடு வளர்க்கவும் செய்தார். தாயினின்று சேயைப் பிரித்த இச்செயல் எமக்கு உவப்பன்று.

அவர் கண்ட முடிவு இது: ஓநாய்க்கு இரையான ஆடுகளுள் பெரும்பாலானவை முதியவை, நோயுற்றவை, அல்லது ஓராண்டும் நிரம்பாத குட்டிகள், வலிமையுற்ற ஆடுகள் செங்குத்துப் பாறைகளில் ஏறித் தப்பின. முன்னர் ஆடுகள் பேரளவில் மடிந்ததற்கு 1920களின் இறுதியிலும் 1932ஐ ஒட்டியும் வந்த கடும்பனிக் காலங்கள் பெருங்காரணமாயின. இவ்வாய்வு 1944இல் நூலாக வெளிவந்தது. காட்டு ஓநாய்களைப் பற்றி முறையாகச் செய்த முதற் பேராய்வுகளுள் அது ஒன்று.

ஆனால் வழக்கு அதனோடு முடியவில்லை. 1945இல் ஆடுகள் ஏறத்தாழ 500 ஆகச் சுருங்கின. பூங்காவில் ஓநாய்களைக் கொல்வதைச் சட்டமாக்க அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதாவும் கொணரப்பட்டது. இந்நெருக்கடியில், ஆடுகள் தேறும்வரை பத்துப் பதினைந்து ஓநாய்களை அகற்றலாம் என்று மியூரியே பரிந்துரைத்தார். பின்னர் அப்பணியும் அவர் பொறுப்பிலேயே விடப்பட்டது. கொல்லப்பட்டவை சிலவே. பேரழிவைத் தடுக்கச் சிற்றழிவுக்கு இசைந்தார் என்று அவர்பால் அன்புடையார் கூறக்கூடும். கொலையை எவ்வளவிலும் ஏலாத நம் நெறியினின்று நோக்க, அவ்விசைவு ஏற்கத்தக்கதன்று. எனினும் அவர் வாழ்வை எழுதப் புகுந்த யாம் அதனை மறைத்தலும் முறையன்று. மசோதா நிறைவேறவில்லை. ஆடுகள் மெல்லப் பெருகின. 1950களின் தொடக்கத்தில் ஓநாய்க் கொலையும் நின்றது.

பிற்காலத்தில் மியூரி அப்பூங்காவின் கரடிகளை நெடுங்காலம் ஆய்ந்தார். சாலைகளை அகலப்படுத்தி அக்காட்டைக் கெடுக்கலாகாது என்று அதிகாரிகளோடு வாதிட்டார். 1974இல் வயோமிங் மாநிலத்தில் மறைந்தார். கரடி நூல் 1981இல் வெளிவந்தது. பூங்கா 1980இல் தெனாலி எனப் பெயர் மாற்றம் பெற்றது. கிழக்குக் கிளையாற்றங்கரையில் அவர் தங்கிய மரக்குடிலை இன்றும் மியூரி குடில் என்று அழைக்கின்றனர்.