தடுத்தாட்கொண்ட பெருமான்
சுந்தரமூர்த்தி நாயனார் வாழ்வு காட்டும் திருவருள்



நாம் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும் என்பது நம் இல்லங்களில் வழங்கிவரும் சொல். பெரும்பாலும் ஏமாற்றம் நேரும்போதுதான் அது நம் வாயில் வருகிறது. பினாங்குப் பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு நேர்முகத் தேர்வுக்குப் பிந்திவிடுகிறோம். எதிர்பார்த்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போகிறது. பிள்ளை விரும்பிய பல்கலைக்கழகப் படிப்பு கிட்டாமல் வேறொன்று கிட்டுகிறது. நாள் பார்த்து உறுதி செய்த திருமணம் நின்றுவிடுகிறது. அப்போதெல்லாம், நாள்தோறும் வணங்கும் இறைவன் நம்மைக் கைவிட்டானோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்திற்கு விடை தேடுவோர்க்குச் சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாறு சிறந்த வழித்துணையாகும். சமயக் குரவர் நால்வருள் எண்ணங்கள் இவருக்குக் கலைந்ததுபோல் அடிக்கடி கலைந்தது வேறு எவருக்கும் இல்லை எனலாம்.

நின்றுபோன திருமணம்

பல்லவர் காலத்தில், திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில், ஆதிசைவ மரபில், சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகனாகத் தோன்றியவர் சுந்தரர். பாட்டனாரின் பெயரையே இட்டு நம்பி ஆரூரர் என அழைத்தனர். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையின் அழகில் மனத்தைப் பறிகொடுத்த நரசிங்க முனையரையர் என்னும் சிற்றரசர், பெற்றோரிடம் கேட்டுப் பெற்றுத் தம் மகன்போல் வளர்த்தார். கல்வியிலும் ஒழுக்கத்திலும் சிறந்து வளர்ந்த நம்பிக்குப் புத்தூர்ச் சடங்கவி சிவாச்சாரியாரின் திருமகளைப் பேசி முடித்தனர். குறித்த நாளில் மணமகன் கோலத்தோடு குதிரை ஏறிப் புத்தூர் வந்து, மணப்பந்தரில் அமர்ந்தார்.

அவ்வேளையில் தளர்ந்த நடையுடன் முதிய அந்தணர் ஒருவர் வந்து நின்றார். தமக்கும் நம்பிக்கும் இடையே பழைய வழக்கு ஒன்று உண்டென்றும், அதைத் தீர்த்த பின்னரே மணம் நிகழவேண்டும் என்றும் தடுத்தார். நம்பி தமக்கு வழிவழி அடிமை என்றும், பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை தம் கையில் இருக்கிறது என்றும் கூறினார். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் எங்கும் இல்லை என்று சபையோர் நகைத்தனர். சினம் கொண்ட நம்பி முதியவரைப் பித்தர் என்று இகழ்ந்து, ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார்.

முதியவர் கலங்கவில்லை. கிழிபட்டது படியோலை, மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் உள்ளது என்றார். வழக்கு அவ்வூர் அவையினர்முன் சென்றது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றேனும் வேண்டும் என்று அவையினர் கேட்டனர். மூலவோலை காட்டப்பட்டது. பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தனர், இரண்டும் ஒத்திருந்தன. நம்பியார் தோற்றீர், இவருக்கு ஏவல் செய்தலே கடன் எனத் தீர்ப்பாயிற்று. அரசாங்கக் கோப்புகளோடு நாள்தோறும் பழகும் என் போன்றோர்க்கு இப்பகுதி தனிச்சுவை உடையது. எல்லாம் வல்ல இறைவன் தன் உரிமையை நிலைநாட்ட அற்புதம் எதுவும் செய்யவில்லை. ஊரார் முறைப்படி ஆவணம் காட்டி, தீர்ப்புக்குக் காத்து நின்றான்.

அவ்வூரில் உமது வீடு எங்கே என்று கேட்டவர்களை அழைத்துச் சென்ற முதியவர், திருவருட்டுறை என்னும் திருக்கோயிலுள் புகுந்து மறைந்தார். அப்போதுதான் வந்தவர் யார் என்பது நம்பிக்கு விளங்கிற்று. வன்மை பேசியதால் வன்தொண்டன் என்னும் பெயர் தந்து, தம்மைப் பாடுமாறு பெருமான் பணித்தருளினார். எதைச் சொல்லிப் பாடுவேன் என்று தயங்கியவரிடம், சினத்தில் சொன்ன சொல்லையே முதலாக வைத்துப் பாடுக என்றார். இகழ்ச்சியாகப் பிறந்த சொல் சுந்தரர் தேவாரத்தின் முதற்சொல் ஆயிற்று.

மறந்துபோன வேண்டுதல்

இந்நிகழ்ச்சிக்கு ஒரு முன்கதை உண்டு. கயிலையில் ஆலால சுந்தரராக இறைவன் திருவடித் தொண்டு செய்தவர், மலர் கொய்யச் சென்றபோது கமலினி, அநிந்திதை என்னும் இரு மங்கையர்பால் மனம் சென்றதால் மண்ணுலகில் பிறக்க நேர்ந்தது. அந்நாளில் அவர் இறைவனை ஒன்று வேண்டினார். மனிதப் பிறப்பில் மயங்கிக் கிடக்கும்போது அடியேனைத் தடுத்து ஆட்கொள்ள வேண்டும் என்பதே அவ்வேண்டுதல். பெருமானும் இசைந்தார்.

அன்பர்களே, இவ்விடத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மணப்பந்தரில் வந்த தடை, அவரே முன்பு கேட்ட வரம். கேட்டவர் மறந்துவிட்டார், கேட்கப்பட்டவன் மறக்கவில்லை. நாமும் எத்தனையோ வேண்டுதல்களைக் கோயில் வாசலில் சொல்லிவிட்டு வீடு திரும்பியதும் மறந்துவிடுகிறோம். அவற்றுள் ஒன்றுக்கு விடையாகவே இன்றைய தடை வந்திருக்கலாம்.

ஆயினும், நின்றுபோன திருமணத்தில் மணமகன் ஒருவர் மட்டும் இல்லை. மணக்கோலத்தோடு காத்திருந்த பெண்ணின் நிலை என்ன? அவளைப் பெற்றவர்களின் நிலை என்ன? இக்கேள்வியைச் சேக்கிழார் பெருமான் மறைத்துச் செல்லவில்லை. நம்பியையே நினைந்து, அந்நெறியில் நின்று, அப்பெண்ணும் சிவலோகம் எளிதில் எய்தினாள் என்று பதிவு செய்துள்ளார். அவ்வூர் இன்றும் மணம்தவிர்ந்தபுத்தூர் எனப்படுகிறது. ஒருவருக்கு அருளாக விளைந்தது மற்றொருவருக்கு ஆறாத வலியாகவும் இருக்கலாம் என்பதை நாம் மறக்கலாகாது. துயருற்றவர் இல்லம் சென்றவுடன் எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிடுவது எளிது. அவர் அருகே அமர்ந்து அவர் துயரைப் பகிர்ந்துகொள்வதே அடியார்க்கு அழகு. அதன் பயனை உணரும் காலம் வந்தால் அவரே உணர்வார்.

ஒரு கோபம் தந்த கொடை

திருவாரூரில் பரவையாரை மணந்து, இறைவனுக்குத் தோழராக வாழ்ந்த நாளில் மற்றொரு நிகழ்ச்சி. தேவாசிரிய மண்டபத்தில் அடியார் கூட்டம் அமர்ந்திருக்க, சுந்தரர் அவர்களை வணங்காது ஒதுங்கித் திருக்கோயிலுள் சென்றார். இவ்வடியார்களுக்கு அடியனாகும் பேறு எந்நாளோ என்று எண்ணியே அவர் சென்றார். அவர் உள்ளம் அறியாத விறன்மிண்டர், அவரும் புறகு, அவரை ஆண்ட இறைவனும் புறகு என்று வெகுண்டார். தவறாக எண்ணப்படுதல் எத்தனை வருத்தம் தரும் என்பதை அலுவலகங்களிலும் குடும்பங்களிலும் ஏன், ஆலய நிருவாகத்திலும்கூட நாம் கண்டிருக்கிறோம்.

சுந்தரர் தம் பக்க நியாயத்தை எடுத்துரைக்கவில்லை. இறைவன் முதலடி எடுத்துக் கொடுக்க, அடியார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வணங்கித் திருத்தொண்டத் தொகை பாடினார். விறன்மிண்டரையும் அதில் போற்றினார். அதை முதல் நூலாகக் கொண்டு நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதி இயற்றினார். இவ்விரண்டையும் விரித்து 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் அருளினார். தனியடியார் 63 பேரும் தொகையடியார் 9 வகையினரும் நமக்குக் கிடைத்தது இவ்வாறே. அன்று அந்தக் கோபம் எழாதிருந்தால், கண்ணப்பரையும் காரைக்கால் அம்மையாரையும் நாம் இவ்வளவு அறிந்திருப்போமா?

ஊன்றுகோல் மட்டும்

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும் முன், அவரை விட்டுப் பிரிவதில்லை என்று சுந்தரர் சூளுரைக்க வேண்டியிருந்தது. கோயிலுள் சூளுறவு நடக்கும்போது இறைவன் மகிழ மரத்தடியில் எழுந்தருளவேண்டும் என்று அவர் முன்னதாகக் கேட்டுக்கொண்டார். தோழரின் உபாயத்திற்குப் பெருமான் இசைந்தார். ஆனால், சூளுறவை மகிழின் கீழே பெறுக என்று சங்கிலியார்க்குக் கனவில் உணர்த்திவிட்டார்! திட்டமிட்டவர் திகைத்து, மரத்தடியிலேயே சூளுரைத்தார். இந்நிகழ்ச்சியை ஒட்டித் திருவொற்றியூரில் மகிழடி சேவை நடைபெறுகிறது.

வசந்த விழா நெருங்கியபோது திருவாரூர் நினைவு மேலிட்டது. சூளைக் கடந்து ஊர் எல்லையைத் தாண்டினார். இரு கண்களும் ஒளி இழந்தன. கதறிப் பாடினார். திருவெண்பாக்கத்தில் பெருமான் அருளியது பார்வையை அன்று. ஓர் ஊன்றுகோல் மட்டுமே. அதைப் பற்றிக்கொண்டு காஞ்சி வரை நடந்தார். அங்கு ஏகம்பத்தில் இடக்கண் ஒளி பெற்றது. வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பூண்டி நீர்த்தேக்கம் உருவானபோது திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் இருந்த இடம் நீருள் மறைய, ஊன்றீசுவரர் இன்று பூண்டியில் எழுந்தருளியுள்ளார்.

இறைவனின் தோழருக்கே துன்பம் ஒரே நாளில் நீங்கவில்லை. முதலில் நடப்பதற்கு ஒரு கோல், பின்னர்ப் பாதிப் பார்வை, இறுதியில் முழுப் பார்வை. நோயிலோ கடனிலோ வழக்கிலோ துன்புறும் நம் அன்பர்கள் இதைச் சிந்திக்கலாம். கேட்டது கிடைக்காத நாளில் கையில் ஒரு கோலேனும் தரப்பட்டிருக்கும். அது நண்பர் ஒருவரின் உதவியாகவோ, மருத்துவர் சொல்லும் நல்வார்த்தையாகவோ இருக்கலாம்.

மேலும், பிழைக்குரிய விளைவைச் சுந்தரர் பட்டே தீர்ந்தார் என்பதும் கருதத்தக்கது. நம் சோம்பலால் வந்த இழப்பைத் திருவருள் என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுதல் முறையன்று. காலந்தாழ்த்திப் புறப்பட்டவர் பாலத்து நெரிசலின்மேல் பழி போடலாகாது.

நிறைவாக

இவ்வாறே சேரமான் பெருமாள் அளித்த செல்வத்தைத் திருமுருகன்பூண்டியில் வேடுவராய் வந்த சிவபூதங்கள் பறித்ததும், பாடியபின் அது மீண்டதும் நாம் அறிந்தவை. மழை பொய்த்துக் குண்டையூர்க் கிழாரின் நெல் வரத்து நின்றபோது நெல்மலை குவிந்ததும் அவ்வகையினதே. இறுதியில் ஆடிச் சுவாதியன்று, திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானைமீது கயிலை சேர்ந்தார். அவர் அருளிய 100 பதிகங்கள் ஏழாம் திருமுறையாக நமக்குக் கிடைத்துள்ளன.

அப்பதிகங்களுள் பல, ஏதோ ஓர் எண்ணம் கலைந்த இடத்தில் பிறந்தவை. ஓதுவார் அவற்றைப் பாடும்போது, எந்த இடரில் எழுந்த பாடல் இது என்று கேட்டறிந்து நம் பிள்ளைகளுக்கும் சொல்லுவோம். தேர் புறப்படும் நேரத்தில் மழை வந்தாலும், வழி மாறினாலும், நாள் தள்ளினாலும், சற்றுப் பொறுத்துக் கைகூப்பி நிற்போம். தடுத்தவன் ஆட்கொள்ளவும் வருவான்.

திருச்சிற்றம்பலம்