தொடாமல் கடந்த மின்சாரம்

வீட்டில் மிக்ஸி நின்றுவிட்டால், பழுதுபார்ப்பவர் முதலில் அதன் கார்பன் பிரஷ்ஷைத்தான் சோதிக்கிறார். சுழலும் பாகத்தின் மீது உரசியபடியே மின்சாரம் வழங்குவதால் அது தேய்ந்துபோகிறது. இதே தொல்லை வானத்திலும் உண்டு. பல விமானங்களின் உந்துவிசிறி இதழ்களில் பனி உறையாமலிருக்க அவற்றைச் சூடேற்றுகிறார்கள். அதற்கான மின்சாரம், சுழலும் வளையங்களின் மீது உரசும் கார்பன் பிரஷ்களின் வழியாகவே செல்கிறது. இந்த உரசலைத் தவிர்த்து, சிறு இடைவெளியைத் தாண்டி மின்சாரத்தையும் தகவலையும் அனுப்பும் கருவிகளைப் பொறியாளர்கள் உருவாக்கி வருகின்றனர். அதுகுறித்துப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவர் மைக்கேல் ஃபாரடே.

இன்றைய லண்டனின் தென்பகுதியில் 1791-ஆம் ஆண்டு ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் அவர். 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார்; கட்டுவதற்கு வந்த நூல்களையே படித்துத் தேறினார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல் அவரை ஆட்கொண்டது. பின்னாளில் அதே வடிவில் அரசியல் பொருளாதாரத்தையும் விளக்கியவர் மார்செட் என்பதில், பொருளாதாரம் பயின்ற எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

1812-இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எடுத்த குறிப்புகளை அழகாகக் கட்டி அவருக்கே அனுப்பிவைத்தார் ஃபாரடே. மறு ஆண்டில் ராயல் இன்ஸ்டிடியூஷனின் ஆய்வுக்கூட உதவியாளரானார்.

1831 ஆகஸ்ட் 29 அன்று, ஓர் இரும்பு வளையத்தில் ஒன்றையொன்று தொடாத இரு கம்பிச்சுருள்களைச் சுற்றி, ஒன்றை மின்கலத்தோடு இணைத்தார். மற்றதன் கம்பியருகே வைத்த காந்த ஊசி ஒரு கணம் அசைந்து நின்றது. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் அசைந்தது. மின்னோட்டம் மாறும்போதுதான் அதன் விளைவு அடுத்த சுருளைச் சென்றடைகிறது என்பது விளங்கிற்று. அதே ஆண்டு அக்டோபரில், காந்த முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ச்சியாக மின்சாரம் பெற்றார். அதை வெளியே எடுக்கத் தட்டின் விளிம்பில் உரசும் உலோகத் துண்டு தேவைப்பட்டது. ஆக, உரசும் இணைப்பும், தொடாமல் கடக்கும் வழியும் சில வாரங்களுக்குள் ஒரே மனிதரின் கைகளில் உருப்பெற்றன.

இன்றைய கருவியில் ஒரு சுருள் அசையாமல் நிற்கிறது. எதிரேயுள்ள மற்றொன்று தண்டோடு சுழல்கிறது. முதற்சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் இடைவெளிக்கு அப்பால் மின்சாரத்தைத் தூண்டுகிறது. தேய்வதற்கு அங்கே எதுவுமில்லை.

தம் கண்டுபிடிப்புக்கு ஃபாரடே காப்புரிமை பெறவில்லை. வருவாய் தந்த வணிக ஆலோசனைப் பணிகளை ஆய்வுக்காகக் குறைத்துக்கொண்டார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியை ஏற்க மறுத்தார். 1835-இல் அரசு அவருக்கு ஆண்டுக்கு 300 பவுண்டு ஓய்வூதியம் வழங்கியது. 1867-இல் அவர் மறைந்தார். அந்த வளையத்தின் வழிவந்த மின்மாற்றி வணிகப் பயன்பாட்டுக்கு வந்ததோ 1880-களில்தான். அரை நூற்றாண்டு காத்திருக்க எந்த நிதிக்குழு ஒப்புக்கொள்ளும்?

இக்கேள்வியை எழுப்ப எனக்குத் தகுதி குறைவு. பல்லாண்டுகளுக்கு முன் கல்லூரி நிதிக்குழுவில் நான் இருந்தபோது, இயற்பியல் துறை நண்பர் ஒருவர் கம்பிச்சுருள்களும் அளவுகருவிகளும் வாங்கச் சிறு தொகை கேட்டார். இதனால் கிடைக்கும் பயன் என்னவென்று கேட்டேன். இன்னும் தெரியாது என்று நேர்மையாகச் சொன்னார். விண்ணப்பம் என் கையொப்பத்துடன் நிராகரிக்கப்பட்டது. அதன்பின் அவர் எதுவும் கேட்கவில்லை.

ஓர் ஆய்வின் பயன் முதலிட்டவரைத் தாண்டிச் சமூகம் முழுவதற்கும் பரவும்போது, சந்தை அதற்குப் போதிய பணம் தராது என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் போதித்தவன் நான். போதித்ததை அந்த மேசையில் மறந்துவிட்டேன். ஒவ்வொரு கல்லூரியும் தன் நிதியில் ஒரு சிறு பங்கையேனும், பயன் என்னவென்று கேட்காத ஆய்வுகளுக்கென ஒதுக்கிவைக்க வேண்டும். எந்த மேசையில் எந்த ஊசி அசையும் என்பதை நிதிக்குழுக்கள் முன்கூட்டியே அறிய முடியாது.