பலவீனமான கணுக்கால்களோடு உலகை வென்ற அன்னா பாவ்லோவா

நானாட்டான் வயல்களில் நடந்து பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். நெற்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒடுங்கிய வரம்பில் போகும்போது கால் மட்டும் போதாது. இடுப்பும் முதுகும் கண்ணும் சேர்ந்துதான் ஆளை விழாமல் கொண்டுபோகும். இந்தப் பாடத்தை வாழ்நாள் முழுவதும் படித்தவர் ரஷ்யாவின் பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவா.

1881 பெப்ரவரி 12ஆம் திகதி சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார். தாய் துணி வெளுத்துப் பிழைத்த ஏழைப் பெண். சிறு வயதில் தாயோடு பார்த்த ஒரு பாலே நாடகம் அன்னாவின் மனதைப் பிடித்துக்கொண்டது. அரச நடனப் பள்ளி முதலில் அவரைச் சேர்க்கவில்லை. 1891இல், பத்து வயதில்தான் இடம் கிடைத்தது.

பாலேயில் பெண்கள் சப்பாத்தின் முனையில், விரல் நுனிகளில் உடற்பாரம் முழுவதையும் நிறுத்தி ஆடுவார்கள். அதற்குக் கட்டையான, உறுதியான கால்களே ஏற்றவை என்று அன்று கருதப்பட்டது. அன்னாவுக்கோ மெலிந்த கணுக்கால்கள், அளவுக்கு மீறி வளைந்த பாதங்கள். சக மாணவிகள் அவரைத் துடைப்பம் என்று கேலி செய்தார்கள். மற்றவர்களைப் பார்த்துக் கடினமான சுழற்சிகளை ஆடிப் பார்த்தபோது, ஆசிரியர் பாவெல் கேர்ட் அதைத் தடுத்து, அவருக்கே உரிய மென்மையை வளர்க்கச் சொன்னார்.

ஆனாலும் அன்னா பயிற்சியைக் குறைக்கவில்லை. 1899இல் பள்ளியை முடித்து மேடையேறிய பிறகும், இத்தாலிய ஆசான் என்ரிகோ செக்கெற்றியிடம் அடிப்படையிலிருந்து பயின்றார். நுனிக்காலில் சமநிலை ஒரே நாளில் வருவதில்லை. முதலில் இரு கைகளாலும் கம்பியைப் பிடித்து மெதுவாக எழும்ப வேண்டும். பிறகு ஒரு கை. பிறகு கையை விட்டு ஒரு கணம். வயிறும் முதுகும் நிமிர்ந்து, பார்வை நேராக நின்றால்தான் கணுக்கால் ஆடாது. இறங்குவதையும் எழும்புவதைப் போலவே நிதானமாகப் பழக வேண்டும். அந்தக் கணம் நீள நீளத்தான் தன்னம்பிக்கை வரும்.

அன்னா இன்னொன்றும் செய்தார். தன் சப்பாத்துகளின் அடியில் கடினமான தோலை வைத்து, முனையைத் தட்டையாக்கினார். அது ஏமாற்று என்று சிலர் முணுமுணுத்தார்கள். இன்றைய நடனச் சப்பாத்துகளோ அந்த வழியில்தான் செய்யப்படுகின்றன.

1906இல் முதன்மை நடனக் கலைஞரானார். ஃபோக்கின் அமைத்துக் கொடுத்த சாகும் அன்னத்தின் நடனத்தைச் சுமார் 4,000 தடவை ஆடினார் என்பர். சொந்தக் குழுவோடு உலகைச் சுற்றினார். 1923இல் உதயசங்கர் அவரோடு ஆடினார். 1928இல் மும்பையில் அவரது நடனத்தைப் பார்த்த ருக்மிணி தேவி, பின்னர் அவரது குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் பாலே பயின்றார். தன் மண்ணின் நடனத்தைத் தேடும்படி அவரைத் தூண்டியவரும் அன்னாவே. அந்தத் தேடல் பரதநாட்டியத்திலும், 1936இல் சென்னையில் கலாக்ஷேத்திராவிலும் போய் நின்றது.

1931 ஜனவரி 23இல், ஐம்பது வயதை எட்ட மூன்று வாரங்கள் இருக்கையில், நெதர்லாந்தின் ஹேக் நகரில் நுரையீரல் உறை அழற்சியால் அன்னா காலமானார்.

மிதிவெடியில் காலை இழந்து, செயற்கைக் காலோடு நடை பழகிய பலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களும் இரு கம்பிகளுக்கிடையேதான் தொடங்கினார்கள்: முதலில் இரு கை, பிறகு ஒரு கை, பிறகு ஒரு கணம் தனியே. தாங்கலோடு நிற்பது வெட்கமில்லை. அன்னாவும் அப்படித்தான் நின்றார்.