சொட்டுக் கணக்குப் பார்த்த மேதை ருடால்ஃப் டீசல்

சாலையில் ஓடும் பேருந்தும், வயலுக்கு நீர் இறைக்கும் எஞ்சினும், சரக்கு ஏற்றிய லாரியும் குடிக்கும் எண்ணெயை நாம் டீசல் என்று அழைக்கிறோம். நாள்தோறும் நம் காதில் விழும் இச்சொல் ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வோல்ட்டா, ஆம்பியர், வாட் ஆகியோரின் பெயர்களை நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். ருடால்ஃப் டீசலின் பெயரையோ பள்ளிக்கூடமே காணாதவர்களும் சொல்லுகிறார்கள். எரிபொருளின் ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்குக் கேட்ட அந்த மேதையின் வாழ்வில் நாம் போற்ற வேண்டியதும் உண்டு. எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டியதும் உண்டு.

ருடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தை தியோடோர் தோல் பொருள்கள் செய்து விற்கும் கைவினைஞர். சிறுவன் ருடால்ஃப் பட்டறையில் உதவுவான். செய்து முடித்த பொருள்களைத் தள்டுவண்டியில் வைத்து வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பான். ஓய்வு கிடைத்தபோது பாரிஸின் தொழிற்கலை அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கிருந்த பழைய நீராவி வண்டியையும் எந்திரங்களையும் பார்த்து நிற்பான்.

1870இல் பிரான்சுக்கும் ஜெர்மானிய நாடுகளுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர் பாரிஸை விட்டு வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போய் வறுமையில் வாடியது. 12 வயது ருடால்ஃபை, அவுக்ஸ்பர்க் நகரில் கணித ஆசிரியராக இருந்த உறவினர் பார்னிக்கலின் வீட்டுக்குத் தனியே அனுப்பி வைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைக்கு அந்த வீடு புகலிடமாகவும் கல்விக்கூடமாகவும் அமைந்தது. 14 வயதிலேயே, தான் ஒரு பொறியாளர் ஆகப்போவதாகப் பெற்றோருக்கு எழுதிவிட்டான். வகுப்பில் முதலிடம் பெற்று, 1875இல் உதவித்தொகையுடன் மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் லிண்டே, குளிர்பதன எந்திரத் துறையின் முன்னோடி. 1878இல் ஒரு நாள் வகுப்பில், நீராவி எஞ்சின் தான் தின்னும் நிலக்கரியின் வெப்பத்தில் 100க்கு 6 முதல் 10 பங்கை மட்டுமே வேலையாக மாற்றுகிறது என்று லிண்டே விளக்கினார். எஞ்சிய 90 பங்கும் புகையோடும் ஆவியோடும் வீணாகப் போய்விடுகிறது. நம் வீட்டில் பத்துப் படி அரிசி வாங்கி ஒரு படியை மட்டும் சமைத்து, ஒன்பது படியைத் தெருவில் கொட்டினால் அம்மா பொறுத்துக்கொள்வார்களா? உலகமே அப்படிக் கொட்டிக்கொண்டிருப்பதை அந்த மாணவரின் மனம் பொறுக்கவில்லை. அன்று நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்ட எண்ணமே அவருடைய வாழ்நாள் வேலையாயிற்று.

டைஃபாய்டு காய்ச்சலால் 1879இல் இறுதித் தேர்வு எழுத முடியாமற் போயிற்று. மனம் தளராமல் சுவிட்சர்லாந்தின் சுல்சர் தொழிற்சாலையில் கைவேலை பழகிவிட்டு, 1880 ஜனவரியில் தேர்வு எழுதி மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறினார். பிறகு பாரிஸில் லிண்டேயின் பனிக்கட்டி ஆலையில் வேலை. 1883இல் மார்த்தா ஃபிளாஷேயை மணந்தார். இரு ஆண், ஒரு பெண் என மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். பகலில் அலுவல், இரவில் எஞ்சின் பற்றிய கணக்கு என்று ஆண்டுகள் கழிந்தன.

அவர் கண்ட வழியை நாம் எளிதாக விளங்கிக்கொள்ளலாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அறிவோம். அமுக்கப்பட்ட காற்று சூடாகிறது. மிக அதிகமாக அமுக்கினால், எண்ணெயைத் தூவியதும் தானே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். தீக்குச்சியும் வேண்டாம், மின்பொறியும் வேண்டாம். காற்றை எவ்வளவு நெருக்கி அமுக்குகிறோமோ, அவ்வளவுக்கு எரிபொருளின் வெப்பம் வேலையாக மாறும். இக்கருத்துக்கு 1892இல் காப்புரிமை கோரி, 1893 பிப்ரவரியில் பெற்றார். அதே ஆண்டில் ஒரு நூலும் எழுதினார். அவுக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையும் க்ருப் நிறுவனமும் சோதனைகளுக்குப் பணம் தர முன்வந்தன.

இங்கே இண்டிகேட்டர் என்னும் சிறு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதைப்போல, பொறியாளர் எஞ்சினின் நாடியைப் பார்க்கும் கருவி அது. சிலிண்டரின் பக்கத்தில் அதைப் பொருத்துவார்கள். உள்ளே அழுத்தம் கூடிக் குறையும்போது அதன் பென்சில் ஏறி இறங்கும்; பிஸ்டன் நகரும்போது காகிதமும் நகரும். இரண்டும் சேர்ந்து காகிதத்தில் ஒரு மூடிய கோட்டை வரையும். அக்கோட்டுக்குள் அடங்கிய பரப்பே பிஸ்டன்மீது நடந்த வேலையின் அளவு. ஜேம்ஸ் வாட்டின் காலத்திலிருந்தே பொறியாளர்கள் இதைக் கையாண்டு வந்தார்கள். எஞ்சின் போடும் சத்தம் நம்மை ஏமாற்றலாம். அந்தப் பென்சில் ஏமாற்றாது.

1893 ஆகஸ்டு 10ஆம் நாள் முதல் சோதனை. எண்ணெய் உள்ளே சென்றதும் பற்றிக்கொண்டது. அழுத்தம் 80 வளிமண்டல அளவுக்கு எகிறியது. அளக்க வைத்த இண்டிகேட்டரே வெடித்துச் சிதறியது. எஞ்சின் ஓடவில்லை. ஆயினும் அமுக்கிய காற்றின் சூடு மட்டுமே நெருப்பு மூட்டும் என்பது மெய்யாயிற்று. டீசல் அதை எண்ணி மகிழ்ந்து, உடனே எஞ்சினை மாற்றியமைக்கத் தொடங்கினார்.

1894 பிப்ரவரி 17ஆம் நாள், நிமிடத்துக்கு 88 சுற்று வீதம் ஏறக்குறைய ஒரு நிமிடநேரம் எஞ்சின் தன் சொந்த வலிமையில் ஓடியது. அதுவரை தொழிற்சாலையின் பெல்ட்தான் அதைச் சுழற்றி வந்தது. இப்போது எஞ்சினே பெல்ட்டை இழுப்பதைக் கண்ட ஒரு மெக்கானிக், ஒன்றும் பேசாமல் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தாராம்.

அதன் பிறகும் மூன்று ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. தம் நூலில் காற்றை 250 வளிமண்டல அழுத்தம்வரை அமுக்கலாம் என்று அவர் கணக்கிட்டிருந்தார். ஓடிய எஞ்சினிலோ முப்பது சொச்சத்தோடு நிற்க நேர்ந்தது. தாம் எழுதியதைக் காட்டிலும் பென்சில் வரைந்ததையே டீசல் நம்பினார். அவருடைய பெருமையை நாம் இவ்விடத்தில்தான் காண்கிறோம். கருவி மறுத்ததை விட்டுக்கொடுத்தார். கருவி ஒப்பியதைப் பிடித்துக்கொண்டார்.

1897 பிப்ரவரி 17ஆம் நாள் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முறைப்படி சோதனை நடத்தினார். 3 மீட்டர் உயரமுள்ள அந்த எஞ்சின் 17.8 குதிரைத்திறன் தந்தது. ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தர அதற்குச் செலவானது 238 கிராம் மண்ணெண்ணெய் மட்டுமே. வெப்பத்தில் 100க்கு 26.2 பங்கு வேலையாக மாறியது. லிண்டே வகுப்பில் சொன்ன 6 முதல் 10 பங்குக்கு முன் இது எத்துணை பெரிய பாய்ச்சல்! அந்த எஞ்சின் மியூனிக் நகரின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. 1898இல் விற்பனைக்குப் போன முதல் எஞ்சினை வாங்கியது கெம்ப்டன் ஊரின் தீப்பெட்டித் தொழிற்சாலை. தீக்குச்சி வேண்டாத எஞ்சினுக்குத் தீக்குச்சி செய்வோரே முதல் வாடிக்கையாளர் ஆனது வேடிக்கைதான். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் தலைசிறந்த பரிசை வென்றது. அங்கே ஒரு சிறு எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது.

செல்வம் குவிந்தது. மியூனிக்கில் மாளிகை எழுந்தது. ஆனால் ஓயாத உழைப்பும் காப்புரிமை வழக்குகளும் அவர் உடல்நலத்தைக் குலைத்தன. தொடக்ககால எஞ்சின்கள் அடிக்கடி பழுதாகி அவர் மனத்தை வருத்தின. நிலம் வாங்கி விற்கும் முயற்சிகளில் பெரும்பணம் கரைந்தது. சிலிண்டருக்குள் ஒரு கிராம் எண்ணெய் வீணாவதைப் பொறுக்காத அவர், தம் வீட்டு வரவு செலவில் ஓட்டை பெரிதாவதைக் காலத்தில் அடைக்கவில்லை. நெருங்கியவர்களிடமும் அந்தப் பாரத்தை இறக்கிவைக்கவில்லை.

1913 செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். இரவு உணவுக்குப் பின், காலை 6:15 மணிக்கு எழுப்பும்படி சொல்லிவிட்டு அறைக்குச் சென்றார். காலையில் அறையில் ஆள் இல்லை; படுக்கை கலையாமல் இருந்தது. சில நாட்களுக்குப் பின் ஒரு டச்சுப் படகினர் கடலில் கண்டெடுத்த உடலிலிருந்த பொருள்களை, அவருடைய மகன் ஓய்கன் தம் தந்தையுடையவை என்று அடையாளம் கண்டார். டீசலுக்கு வயது 55. மனைவியிடம் கொடுத்துச் சென்ற பையில் 20,000 மார்க் பணமும், வங்கிக் கணக்குகள் வெறுமையாகிவிட்டதைக் காட்டும் தாள்களும் இருந்தன. அவர் முடிவு எவ்வாறு நேர்ந்தது என்பது இன்றளவும் துணியப்படவில்லை. அம்மையார் மார்த்தா அந்தப் பையைத் திறந்த வேளையை நினைக்கும்போது நம் நெஞ்சம் கனக்கிறது.

அவர் எஞ்சின் அவரோடு மறையவில்லை. முதலில் எண்ணெயை உள்ளே தூவ அழுத்தக் காற்றுப் பம்பு வேண்டியிருந்தது; அது பெரும் பாரம். அதனால் பெரும்பாலும் ஆலைகளிலும் கப்பல்களிலுமே டீசல் எஞ்சின் இயங்கியது. மற்றப் பொறியாளர்கள் அதைச் சிறிதாக்கினர். 1920களில் லாரிக்கு வந்தது. 1927இல் பாஷ் நிறுவனத்தின் எண்ணெய்ப் பம்பு வந்தது. 1936இல் மெர்சிடிஸ் 260 டி என்னும் கார் வந்தது. 1981இல் ஃபோக்ஸ்வாகன் வேனிலும் 50 குதிரைத்திறனுள்ள சிறு டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது.

ஐரோப்பாவில் இத்தகைய வேன்களுக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர் பலர். அந்த மோட்டார் வீட்டில் வீட்டுச் செலவும் எண்ணெய்ச் செலவும் ஒன்றுதான். ஆகவே விவரமறிந்தவர்கள் டீசலின் மாணவர்களாகவே நடந்துகொள்கிறார்கள். தொட்டியை விளிம்புவரை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது பிடித்த லிட்டரை எழுதுகிறார்கள். 450 கிலோமீட்டருக்கு 45 லிட்டர் பிடித்தால், 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர். அடுத்த மாதம் அதே சாலையில் அது 12 ஆனால் ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், டயரில் காற்றுக் குறைந்திருக்கலாம், பிரேக் உரசலாம். சுவர்போல் நிமிர்ந்த வண்டியாதலால் வேகமும் செலவு வைக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தை 100 ஆக்கினால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது.

மலைச்சாலையில் ஏறும்போது புகைக்குழாயின் வெப்பம் காட்டும் முள்ளையும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டைக் காட்டும் முள்ளையும் பார்த்து, கியரைக் குறைத்து மெல்ல ஏறுகிறார்கள். இந்த நூற்றாண்டின் வண்டிகளில் ஸ்டியரிங்குக்கு அருகே ஒரு செருகுவாய் உண்டு. அதில் சிறு கருவியைப் பொருத்தினால் எஞ்சினின் சூடு, சுற்று, எண்ணெய்ச் செலவு எல்லாம் கைபேசித் திரையில் தெரிகின்றன. அவுக்ஸ்பர்க்கில் பென்சிலால் கோடு வரைந்த இண்டிகேட்டரின் பேத்தி என்றே அதை நாம் சொல்லலாம்.

ஆனால் கருவி காட்டினால் போதாது. நாம் பார்க்க வேண்டும், பார்த்ததை ஏற்க வேண்டும். எஞ்சின் முன் நின்ற டீசல் அப்படிச் செய்தார். அவர் பெயர் நிலைத்தது. தம் வாழ்வின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு குடும்பம் கலங்கி நின்றது. வீட்டுச் செலவாயினும், படிப்பாயினும், உடல்நலமாயினும், மனச்சுமையாயினும் தோழியரே, நமக்கும் ஒரு முள் உண்டு. அதை நாள்தோறும் பார்ப்போம். அது ஏறும்போது தாய் தந்தையரிடமோ ஆசிரியையரிடமோ தயங்காமல் சொல்லுவோம். ஒரு சொட்டும் வீணாகலாகாது என்று உழைத்த அம்மேதைக்கு நாம் செய்யும் நன்றி அதுவே.