காந்த ஊசியின் அசைவில் சூரியனின் சுழற்சியைக் கண்ட ஜான் ஆலன் பிரௌன்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரின் அப்சர்வேட்டரி குன்றில், சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் 1837-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வான் ஆய்வகத்தின் பெயரை ஐரோப்பிய அறிவியல் உலகம் அறியச் செய்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஆலன் பிரௌன்.

1817 செப்டம்பர் 21-இல் டம்ஃப்ரீஸ் நகரில் பிறந்த இவர், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் மேக்கர்ஸ்டவுன் காந்த ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். திருவனந்தபுரம் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஜான் கால்டெகாட் 1849-இல் மறைந்ததை அடுத்து, 1852-இல் அப்பதவிக்கு வந்தார்.

பிரௌன் கையாண்ட முறையின் வேர், பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் செய்த ஆய்வுகளில் இருந்தது. திசைகாட்டி ஊசியை மெல்லிய நூலில் தொங்கவிட்டுப் பழகிய கூலும், அதே உத்தியால் 1785-இல் மின்னூட்டம் பெற்ற இரு சிறு உருண்டைகளுக்கு இடையிலான விலக்கு விசையை அளந்தார். உருண்டைகள் 36 பாகை விலகி நின்றபோது இழையின் முறுக்கு 36 பாகை. இடைவெளியை 18 பாகையாகக் குறைக்க 144 பாகை முறுக்கு தேவைப்பட்டது. தொலைவு பாதியானால் விசை நான்கு மடங்காகிறது என்பது இதனால் புலனாயிற்று. காந்த முனைகளுக்கும் இதே விதி பொருந்துவதை அவரே காட்டினார்.

புவியின் காந்த நடுக்கோட்டிற்கு அருகில் திருவனந்தபுரம் அமைந்திருந்தது பிரௌனுக்குப் பெரும் வாய்ப்பாயிற்று. நூலில் தொங்கும் காந்தத்தின் நுண்ணிய அசைவுகளை அவரும் உதவியாளர்களும் ஆண்டுக்கணக்கில் மணிதோறும் பதிவு செய்தனர். சமவெளியையும் மலையுச்சியையும் ஒப்பிட, ஏறத்தாழ 6,000 அடி உயர அகத்தியமலையிலும் ஓர் ஆய்வகம் எழுந்தது. தமிழ் முனிவரின் இருப்பிடமாகப் போற்றப்படும் அம்மலையில், யானைகள் உலவும் காட்டைக் கடந்து கருவிகளைக் கொண்டு சேர்த்ததே தனிச் சாதனை.

புவிக் காந்த விசையின் ஏற்ற இறக்கங்கள் ஓரிடத்துக்கு மட்டும் உரியவை அல்ல, உலகெங்கும் ஒருசேர நிகழ்பவை என்று பிரௌன் கண்டறிந்தார். ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை அவை மீள்வதைக் கண்டு, சூரியனின் சுழற்சியோடு தொடர்புபடுத்தினார். நகரின் அருங்காட்சியகமும் பொதுப் பூங்காவும் உருவானதிலும் இவருக்குப் பங்குண்டு.

1865-இல் ஐரோப்பா திரும்பிய பின்னரும் திருவனந்தபுரக் கணக்குகள் அவரை விடவில்லை. லோசான், ஸ்டுட்கார்ட், லண்டன் என்று இடம் மாறியபோதும் அவற்றைச் சீர்செய்வதிலேயே உழைத்தார். காந்தத் திசை விலகல் பற்றிய முதல் தொகுதி 1874-இல் அச்சேறியது. 1878-இல் ராயல் சொசைட்டி அவருக்கு ராயல் பதக்கம் அளித்தது. எஞ்சிய பதிவுகளை நூலாக்கி முடிக்காமலேயே 1879 நவம்பர் 22-இல் லண்டனில் காலமானார்.