சிறைக்குள் ஒரு பள்ளி

நோயுற்றோர் நலம்பெற்று மீளவேண்டும் என்றே மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். குற்றம் புரிந்தோரும் சிறையினின்று திருந்தி மீளல் வேண்டுமன்றோ? இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியோருள் ஒருவர் எலிசபெத் பிரை அம்மையார்.

இவர் 1780ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டு நாரிச் நகரில், குவேக்கர் என்னும் கிறித்தவ நெறியைச் சார்ந்த செல்வக் குடும்பத்தில் பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் அன்னையை இழந்தார். இளமையிலேயே ஏழைச் சிறுவர்களைத் தம் இல்லத்திற்கு அழைத்து எழுத்தறிவித்தார். 1800இல் ஜோசப் பிரை என்பாரை மணந்து, இலண்டன் மாநகரில் குடியேறினார்.

அந்நகரில் நியூகேட் என்னும் பெருஞ்சிறை இருந்தது. 1813இல் அம்மையார் அதனுட் சென்றார். ஏறக்குறைய 300 பெண்கள் தம் குழந்தைகளோடு அங்கே நெருக்குண்டு கிடந்தனர். சமைப்பதும் துவைப்பதும் உறங்குவதும் ஓரிடத்திலேயே, படுக்கையோ வெறுந்தரை. விசாரணையை எதிர்நோக்கியோரும் தண்டனை பெற்றோரும் வேறுபாடின்றி அடைக்கப்பட்டிருந்தனர். காவலரும் அவர்களிடையே செல்லத் தயங்கினர். அம்மையார் குழந்தைகளுக்கு ஆடைகள் வழங்கினார். ஆயினும், ஆடை மட்டும் போதாது என்பதை உணர்ந்தார்.

குடும்பத் துயர்களால் இடையே சில ஆண்டுகள் கழிந்தன. மீண்டும் சென்றபோது, குழந்தைகளுக்குப் பள்ளி ஒன்று அமைக்கலாமா எனத் தாய்மாரையே வினவினார். அவர்கள் கண்ணீர் மல்க இசைந்தனர். கைதிகளுள் கற்றறிந்த இளம்பெண் ஒருத்தியை அவர்களே ஆசிரியையாகத் தேர்ந்தனர். வெறுமையாய்க் கிடந்த அறையொன்று பள்ளியாயிற்று. இடமின்மையால் வெளியே நின்ற மூத்த பெண்களும் தமக்கும் கற்பிக்குமாறு வேண்டினர்.

1817இல் அம்மையார் தோழியருடன் சங்கம் ஒன்றை நிறுவினார். இப்பெண்கள் ஒழுங்கிற்கு உட்படார் என்றே அதிகாரிகள் கருதினர். அம்மையாரோ விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, அப்பெண்களின் இசைவைக் கேட்டார். அனைவரும் கையுயர்த்தி ஏற்றனர். பிறரால் ஏவப்பட்டே வாழ்ந்தவர்கள் அன்றுதான் தம் கருத்துக் கேட்கப்பெற்றனர். படிப்பும் தையலும் பின்னலும் அங்கே இடம்பெற்றன. பூசலும் சூதும் குறைந்தன.

எனினும், அவர் முயற்சிகள் யாவும் கைகூடவில்லை. 1818இல் கள்ளப் பணத்தாள் வழங்கியமைக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஒரு பெண்ணைக் காக்க உள்துறை அமைச்சரிடம் மன்றாடினார். அம்மன்றாட்டம் பயனற்றுப் போயிற்று. அவர் மனந்தளரவில்லை. அவ்வாண்டே பாராளுமன்றக் குழுவின் முன் தோன்றிச் சிறைகளின் அவலநிலையை எடுத்துரைத்தார். 1823இல் சிறைச் சட்டம் இயற்றப்பட்டது. பெண் கைதிகளுக்குப் பெண்களே காவலராதல் வேண்டும், கைதிகளுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தல் வேண்டும் என அது விதித்தது. கண்காணிப்போர் இன்மையால் பல சிறைகள் அதனைப் புறக்கணித்தன. 1835இல்தான் மேற்பார்வையாளரை அமர்த்தச் சட்டம் பிறந்தது.

அம்மையார் 1845இல் மறைந்தார். நியூகேட் சிறையும் 1904இல் இடிக்கப்பட்டது. சுவர்கள் அழிந்தன, அவற்றினுள் அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. கைதிக்கு எழுத்தறிவிக்கும் பணி இன்று பல நாடுகளிலும் நடைபெறுகிறது. மாணவர்களே! குற்றத்தை வெறுப்போம், குற்றவாளி திருந்தும் வழியை அடைக்காதிருப்போம்.