முள்ளந்தண்டைத் தமிழில் படிப்பித்த மருத்துவர் கிறீன்

டயகமவில் கொழுந்துக் கூடையின் கயிறு பெண்களின் தலையில்தான் விழுகிறது. பாரம் மண்டையோட்டிலிருந்து கழுத்தின் 7 முள்ளென்புகளுக்கு இறங்குகிறது. குனிந்து ஏறும்போது நாரியின் 5 முள்ளென்புகளும் அதைத் தாங்குகின்றன. வருடக்கணக்காகச் சுமந்தவர்கள் இடுப்பு விட்டுப்போச்சு என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் துண்டு ஆங்கிலத்தில் இருக்கும். விளக்கம் சொன்னால் அது பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். எந்த எலும்பு தேய்ந்தது என்பது சுமந்தவளுக்குத் தெரியாமலே போகும்.

நோயாளியின் மொழியில் மருத்துவம் இருக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் ஒருவர் பிடிவாதமாக நின்றார். அவர் அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன்.

மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். 1848இல் மானிப்பாய்க்கு மாறி, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். இலங்கையின் முதல் மேலைத்தேய மருத்துவப் பள்ளி அதுதான் என்பார்கள். கொழும்பு மருத்துவப் பள்ளி தொடங்கியது 1870இல்.

முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடிக் கிராமத்தை விட்டுப் போவதைக் கண்டார். தமிழில் படித்தவர் தன் ஊரிலேயே இருப்பார், நோயாளிக்கும் அவர் சொல்வது விளங்கும் என்பது அவர் கணக்கு. 1857இல் அமெரிக்கா போய் 1862இல் மனைவியோடு திரும்பியவர், 1864இலிருந்து தமிழிலேயே படிப்பித்தார். மொத்தம் 60க்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் மருத்துவம் கற்றார்கள்.

படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே? மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள், கிறீன் வரிக்கு வரி திருத்துவார். 1867இல் சத்திரசிகிச்சை நூலான இரண வைத்தியம் வந்தது. இலண்டனில் 1858இல் வெளியான ஹென்றி கிறேயின் உடற்கூற்று நூல், 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் தமிழில் வந்தது.

அந்த வேலையின் கடினத்தை விலா என்புகளை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். எண்ணினால் 12 சோடி. முதல் 7 சோடி மார்பெலும்போடு நேராகச் சேரும். அடுத்த 3 சோடி மேலுள்ள விலாவின் குருத்தெலும்பைப் பிடித்துக்கொள்ளும். கடைசி 2 சோடி முன்பக்கம் எதிலும் சேராது. ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வேண்டும். கிறீன் முதலில் தமிழில் தேடினார், பிறகு சமஸ்கிருதத்தில் தேடினார். இரண்டிலும் இல்லாவிட்டால்தான் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார். சொற்பட்டியல்களையும் தொகுத்தார்.

அவரைத் தமிழ்க் காவலராக மட்டும் காட்டுவது சரியல்ல. மதம் பரப்புவதும் அவர் வந்த நோக்கம்தான். அவர் எழுதிய தமிழில் சமஸ்கிருத வாடை அதிகம், இன்று வாசிக்கச் சிரமம். அவர் போன பிறகு மருத்துவக் கல்வி ஆங்கிலத்தோடேயே நின்றுவிட்டது. அவர் யாழ்ப்பாணத்தில் இருந்த அதே காலத்தில்தான் எங்கள் முன்னோர் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தார்கள். காலராவில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

சொந்த மொழியில் உடம்பை அறிவது உயிர் காக்கும் விஷயம் என்பதை நான் விளங்கிக்கொண்டது வன்னியில். யுத்தத்துக்குப் பின் அங்கே செய்தி சேகரிக்கப் போனபோது, ஷெல் துண்டுபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்களின் வீடுகளில் இருந்திருக்கிறேன். அவர்களில் சிலர், 1977, 1983 கலவரங்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டுப் போன எங்கள் சனம். பள்ளிக்கூடம் போகாத தாய்மாரும் முள்ளந்தண்டு வடம் என்று திருத்தமாகச் சொன்னார்கள். அது அறுபட்டால் வலி தெரியாது, வலி தெரியாததால் படுக்கைப்புண் வரும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யாரோ தமிழில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள்.

கிறீன் 1873இல் நாடு திரும்பினார். வூஸ்டரில் இருந்தபடியும் தமிழ் மருத்துவ நூல் வேலையை விடவில்லை. 1884 மே 28இல் காலமானார். தமிழருக்கு ஊழியம் செய்த மருத்துவர் என்று தன் கல்லறையில் எழுத வேண்டும் என்பது அவர் விருப்பம். மானிப்பாயில் அவர் பெயரைத் தாங்கிய ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. கிறீனுக்கு அப்படியொரு சட்டம் துணையிருக்கவில்லை, சொற்களையும் அவரே தேட வேண்டியிருந்தது. இன்று எங்கள் பாடப்புத்தகங்களில் சொற்கள் தாராளமாக இருக்கின்றன. தோட்டத்துப் பெண்ணிடம் கொடுக்கும் துண்டில் நாரி முள்ளென்பு என்று எழுதுவதற்கு ஆள்தான் வேண்டும்.